ஒன்பது பஸ்ஸுக்கு ஒரு புத்தாக்கத் துறை

சாப்பிட்டுவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள், கண்ணுகளா? பசியோடு கேட்டால் இந்தக் கதையில் வரும் மீனெல்லாம் தொந்தரவு செய்யும். சாப்பிட்டாயிற்று என்றால் சரி, ஆரம்பிக்கிறேன்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற தனியார் பஸ்களில் கெடிலக்கரை மோட்டார்ஸ் என்று ஒன்று. பெயரை மாற்றித்தான் சொல்கிறேன், தேடிக்கொண்டு போகாதீர்கள். ஒன்பது பஸ். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், கணக்குப்பிள்ளை என்று இருபத்திரண்டு பேர். இத்தனை பேரையும் பெரிய முதலாளி தேவநாதன் இருபத்தாறு வருஷம் ஒரே வாக்கியத்தால் நிர்வாகம் செய்தார். "டயத்துக்கு எடு, பாத்துப் போ." அதற்கு மேல் அவருக்கு நிர்வாகம் தெரியாது. முட்டிவலி வந்து அவர் வீட்டோடு உட்கார்ந்ததும் மகன் எழிலன் பொறுப்புக்கு வந்தார். மனிதர்களை எப்படி நிர்வகிப்பது என்று வெளியூரில் இரண்டு வருஷம் படித்தவர். படித்து முடித்து ஊருக்கு வந்து பார்த்தால், யாராலும் நிர்வகிக்கப்படாமலேயே இருபத்திரண்டு மனிதர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதல் மாதமே 'மனிதவள மற்றும் புத்தாக்கத் துறை' பிறந்தது. ஒன்பது பஸ்ஸுக்கு ஒரு துறை. அதற்குத் தலைவராகத் திருநாவுக்கரசு என்பவரை நியமித்தார்கள். வேறொரு பெரிய கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆள்கூடப் புதிதாக எதையும் செய்யவில்லை என்பதைக் கையெழுத்தோடு நிரூபிக்க அவரால் முடியும். ஆகையால் புதுமை எங்கெல்லாம் இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது என்றார் எழிலன்.

துறை வந்ததும் முதுநகர் ஷெட்டில் ஒரு அறையைக் காலி செய்தார்கள். டிரைவர்களும் கண்டக்டர்களும் இரண்டு நடைக்கு நடுவில் பாய் விரித்து அரைமணி நேரம் கண்ணயர்கிற அறை அது. பாயெல்லாம் போய், உள்ளே தெர்மோகோல் மணி நிரப்பிய, உட்கார்ந்தால் புதைகிற பெரிய பெரிய பைகள் வந்தன. சுவரில் மஞ்சள் பல்ப் ஒன்றை வரைந்து 'யோசனை அறை' என்று எழுதினார்கள். ஒவ்வொரு தொழிலாளியும் தினம் இருபது நிமிடம் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பையில் அமர்ந்து யோசிக்க வேண்டும். மூலையில் ஒரு கேமரா. முதல் நாளே தட்சிணாமூர்த்திக்கு நோட்டீஸ் வந்தது. ஆறாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர், ஐம்பத்தாறு வயது, காலை மூன்றரைக்கு எழுந்திருக்கிற மனுஷன். பையில் புதைந்ததும் கண் சொருகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டுதான் தனக்கு யோசனை வரும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடி யோசிப்பதை அளக்க முடியாது, அளக்க முடியாததை ஊக்குவிக்க முடியாது என்று திருநாவுக்கரசு விளக்கினார். விளக்கம் முடிந்தபோது தட்சிணாமூர்த்தியால் பையிலிருந்து எழ முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அடுத்து வந்தது பு-1 என்ற படிவம். மாதம் ஒரு புதிய யோசனையை ஒவ்வொருவரும் அதில் எழுதித் தர வேண்டும். பதினொரு கட்டம். ஏழாவது கட்டத்தில் ஒரு கேள்வி: 'இந்தப் புதிய யோசனை இதற்கு முன் எங்கெங்கே வெற்றிகரமாகச் செய்யப்பட்டுள்ளது? ஆதாரம் இணைக்கவும்.' யாரும் செய்திராத யோசனை என்றால் படிவம் திரும்பி வந்துவிடும். மூன்றாம் நம்பர் கண்டக்டர் 'பஸ்ஸைக் கழுவலாம்' என்று எழுதி, வேறு கம்பெனிக்காரன் பஸ் கழுவுகிற படத்தை ஒட்டிக் கொடுத்தார். அந்த மாதத்தின் புத்தாக்கச் சிற்பி அவர்தான். சால்வை போட்டார்கள். தினமும் கழுவிக்கொண்டிருந்த பஸ்தான் அது. ஆனால் கழுவுவது இப்போது ஒரு யோசனையாகிப் பரிசீலனைக்குப் போய்விட்டதால், பரிசீலனை முடிகிற வரை கழுவக் கூடாது என்று உத்தரவு. மூன்று வாரத்தில் அந்த பஸ்ஸின் நிறத்தை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்.

இந்தக் கூத்தில் உண்மையாகவே பயந்துபோனவன் ஒருத்தன்தான். ஆறாம் நம்பர் கண்டக்டர் இளவரசு. குமராட்சிப் பக்கத்துப் பிள்ளை, முப்பத்தெட்டு வயசு. காலை ஐந்து ஐம்பதுக்கு முதுநகரில் தட்சிணாமூர்த்தி எடுக்கிற பஸ்ஸுக்கு அவன்தான் விசில். பதினொரு வருஷத்தில் ஒரு புகார் கிடையாது. ஆனால் பு-1ஐக் கையில் வாங்கினால் அவனுக்கு வியர்த்துவிடும். முதல் மாதம் வெறும் தாளைக் கொடுத்தான். இரண்டாம் மாதம் பெயரை மட்டும் எழுதினான். மூன்றாம் மாதம் அவனுக்குச் 'சிந்தனைக் குறைபாடு' என்று சிவப்பு அட்டை வந்தது. இன்னொரு சிவப்பு அட்டை வந்தால் வேலை போகும்.

திருநாவுக்கரசு அவனைக் கூப்பிட்டு அன்பாகப் பேசினார்.

"உனக்குள்ள ஒரு குழந்தை தூங்குது இளவரசு. அதைத் தட்டி எழுப்பணும்."

"சார், எங்கூட்டுக் குழந்தைங்களே ரெண்டும் எழுப்பி எழுப்பிப் பாத்தாலும் எழுந்திருக்காதுங்க. என்னா சார் பண்றது?"

திருநாவுக்கரசு இதையும் குறித்துக்கொண்டார். குடும்பப் பின்னணியிலும் ஊக்கம் இல்லை.

இப்போது அந்த ஆறாம் நம்பர் பஸ்ஸின் பின்பக்கத்தைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மீன் எடுத்து சிதம்பரம் மார்க்கெட்டில் விற்கிற பெண்கள் ஐந்து பேர், அமராவதி என்பவர் தலைமையில், தினம் அந்த பஸ்ஸில்தான் போவார்கள். காசு வாங்காத டவுன் பஸ் அத்தனை தூரம் வராது. தூரம் போகிற பஸ்களோ மீன் வைத்த அன்னக்கூடையைப் பார்த்ததும் வேகம் எடுக்கும். ஐஸ் உருகி மீன்தண்ணீர் ஒழுகும், வேட்டி கட்டினவர் கத்துவார், எதற்கு வம்பு என்று கண்டக்டர்கள் விசில் கொடுத்துவிடுவார்கள். இளவரசுவும் இரண்டு பக்கத் திட்டையும் வாங்கிக்கொண்டு நடுவில் நின்றவன்தான். ஒரு நாள் படகு செப்பனிடுகிற இடத்தில் உடைந்த ஃபைபர் போட்டின் பலகை ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கி வந்தான். விளிம்பு வைத்து ஒட்டச் சொல்லி, பின்பக்கம் சாய்ந்த ஒரு பெரிய தட்டாக ஆக்கினான். ஸ்டெப்னி டயரை மேலே கேரியரில் ஏற்றிவிட்டு அது கிடந்த இடத்தில் தட்டை நாலு போல்ட் போட்டு முடுக்கினான். தட்டின் மூலையில் ஒரு ஓட்டை, ஓட்டையிலிருந்து ஒரு ஹோஸ், ஹோஸின் முடிவில் ஒரு கேன். ஐந்து கூடையும் தட்டில் உட்கார்ந்தன. ஒரு சொட்டு வெளியே வராது. புதுச்சத்திரத்து டீக்கடைக்காரர் தன் தென்னைக்கு ஊற்ற அந்தக் கேன் தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ கொடுத்தார். இரண்டு வருஷமாக இப்படி ஓடுகிறது. வேட்டி கட்டினவரும் அமராவதியும் இப்போது அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்து மகள் கல்யாணம் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்கள்.

இது ஒரு யோசனை என்று இளவரசுவுக்குத் தோன்றவே இல்லை. அவனைப் பொறுத்தவரை அது தட்டு.

நாலாம் மாதம் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தட்சிணாமூர்த்திக்குத்தான் தாங்கவில்லை.

"ஏன்டா மாப்ள, பின்னாடி தட்டு வச்சிருக்கியே, அத்த எழுதேன்."

"அது தட்டு மாமா. அத்தப் போயி எப்படி எழுதறது?"

"பஸ்ஸக் கழுவலாம்னு எழுதுனவனுக்கே சால்வை போட்டானுங்க. எழுது."

எழுதினான். ஏழாவது கட்டத்தில், இதற்கு முன் எங்கே செய்யப்பட்டுள்ளது என்ற இடத்தில், 'ஆறாம் நம்பர் பஸ்ஸில்' என்று உண்மையை எழுதினான். அந்த உண்மைதான் அவனுக்கு வினையாயிற்று.

மறுநாள் திருநாவுக்கரசு ஷெட்டுக்கு நேரில் வந்து தட்டைப் பார்த்தார். குனிந்து பார்த்தார், ஹோஸை மோந்து பார்த்தார். கம்பெனியில் இதுவரை வந்ததிலேயே இதுதான் உண்மையான புத்தாக்கம் என்று இளவரசுவின் கையைக் குலுக்கினார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தட்டைக் கழற்றச் சொன்னார்.

"ஏன் சார்?" என்றான் இளவரசு.

"இல்லாத ஒண்ணைத்தானப்பா புதுசாக் கொண்டுவர முடியும்? இது ஏற்கெனவே இருக்குது. இருக்கிறதை நான் எப்படி அறிமுகப்படுத்துறது? முதல்ல இதை எடுத்துடுவோம். அப்புறம் கமிட்டி பார்த்து, அங்கீகாரம் கொடுத்து, முறையாக் கொண்டு வருவோம். அதுக்குப் பேருதான் புத்தாக்கம். நீ செஞ்சு வச்சிருக்கிறதுக்குப் பேரு அனுமதியில்லாத மாற்றம். உன் மேல நடவடிக்கை எடுக்கல, சந்தோஷப்படு."

நாலு போல்ட்டும் கழன்றன. தட்டை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, அரக்கு சீல் போட்டு, 'யோசனை எண் 68' என்று அட்டை தொங்கவிட்டார்கள். தட்டு இல்லாததால், கமிட்டி முடிவு வரும் வரை மீன்கூடை ஏற்றக் கூடாது என்று இன்னொரு உத்தரவு.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஐந்து கூடைகளும் வழக்கமான இடத்தில் நின்றன. இளவரசு பின்படியில் நின்று, ஏறக் கூடாது என்று சொன்னான். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அமராவதி கூடையை இறக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே நின்றார்.

"எத்தினி நாளைக்கித் தம்பி?"

"கமிட்டி கூடி முடிவு பண்ற வரைக்கும்க்கா."

"கூடையில இருக்கறது சங்கரா. உங்க கமிட்டி கூடற வரைக்கும் இது மீனா இருக்குமான்னு கேட்டுச் சொல்லு."

பஸ் போய்விட்டது. ஐந்து பேரும் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோக்காரர் ஆறரைக்குத்தான் வருவார். ஏழரைக்கு மேல் மார்க்கெட்டுக்குப் போனால் வாடிக்கைக்காரர்கள் வேறு கூடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டு வாரத்தில் ஐந்து பேர் மூன்று பேரானார்கள். மற்ற இரண்டு பேர் மீனை உள்ளூர் வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு, மீதி நேரத்துக்குக் கருவாடு காயவைக்கும் கூலிக்குப் போனார்கள். இளவரசு தினமும் பின்படியில் நின்று அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே சிதம்பரம் போய்ச் சேர்ந்தான். அங்கே யாரோ ஒரு சூட்கேஸ் வைத்திருப்பார்கள். அது ஒழுகாது.

கமிட்டி நாலு முறை கூடியது. முதல் கூட்டத்தில் தட்டு என்ற சொல் தரக்குறைவாக இருக்கிறது என்று முடிவானது. 'கடலுணவுப் பயண மேலாண்மைப் பெட்டகம்' என்று பெயர் மாற்றினார்கள். இரண்டாம் கூட்டத்தில் அதற்கு எஃகுக் கதவும், கண்ணாடியும், வெப்பநிலை காட்டும் திரையும் வேண்டும் என்றார்கள். மூன்றாம் கூட்டத்தில் வெளியூர் வரைகலைக்காரர் ஒருவர் படம் அனுப்பினார். அந்தப் படத்தின்படி பெட்டகம் பதினாறு சீட்டு இடத்தை அடைத்தது. மீதிப் பயணிகளும் புத்தாக்கத்தை நேசிக்கப் பழக வேண்டும் என்று குறிப்பு எழுதினார்கள். நாலாம் கூட்டத்தில் பெட்டகத்தை உபயோகிக்கும் முறையை வகுத்தார்கள். மீன் கொண்டுவருகிறவர் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள், எந்த மீன், எத்தனை கிலோ என்று செல்போன் செயலியில் பதிவு செய்ய வேண்டும்.

இதைச் சொல்ல இளவரசுவைத்தான் அமராவதியிடம் அனுப்பினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கி நான் இன்னாரு வலையில உழுவேன்னு மீனு எனக்கு ஃபோன் பண்ணி சொல்லுமா தம்பி? அந்த நம்பரு மட்டும் வாங்கிக் குடு. அப்புறம் நான் ஏன் மீன் விக்கிறேன், உங்க முதலாளி வூட்டையே வாங்கிப்புடுவேன்."

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அமராவதி சிரிக்கவில்லை. வழக்கமாக மீன் வாங்குகிற வாடிக்கைக்காரர்கள் போய்விட்டதை ஒவ்வொரு வீடாகச் சொன்னார். தேரடித் தெருவுக்குப் பக்கத்து மெஸ், ஒரு டாக்டரம்மா, மூன்று ஹாஸ்டல். "அந்தத் தட்ட எறக்குனப்ப ஒரு வார்த்தை சொல்லாம நின்னுக்கிட்டிருந்தியாமே," என்றார் கடைசியில். ஆமாம் என்பதுதான் பதில்.

இந்த நிலையில் எழிலனுக்கு ஒரு விருதைப் பற்றித் தெரியவந்தது. பணியாளர்களின் படைப்பாற்றலை வளர்த்த நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்களாம். விண்ணப்பத்தோடு ஒரு வீடியோ வைக்க வேண்டும். தொழிலாளி தன் வாயால், நிர்வாகம் தன்னை எப்படிச் சிந்திக்க வைத்தது என்று சொல்ல வேண்டும். கம்பெனியில் அப்படிச் சொல்ல லாயக்கான யோசனை ஒன்றுதான் இருந்தது. அது ஸ்டோர் ரூமில் அரக்கு சீலோடு கிடந்தது.

இளவரசுவுக்கு ஒரு பக்கத்துக்கு உரை எழுதிக் கொடுத்தார்கள். 'யோசனை அறையில் இருபது நிமிடம் அமர்ந்திருந்தபோது, துறைத் தலைவர் அவர்களின் வழிகாட்டுதலால், இந்தச் சிந்தனை என்னுள் முளைத்தது' என்று அது தொடங்கியது. படித்தால் சிவப்பு அட்டை ரத்து, சீனியர் கண்டக்டர் பதவி. படிக்காவிட்டால் இரண்டாவது சிவப்பு அட்டை. திருநாவுக்கரசு இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, பாருங்கள். இரண்டு கதவு திறந்திருக்கிறது, எதில் போவது என்பது உன் சுதந்திரம் என்றுதான் சொன்னார்.

விழா ஒரு வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு, ஷெட் வாசலில். வீடியோ இயல்பாக இருக்க வேண்டும் என்று பஸ் புறப்படுகிற நேரமாகப் பார்த்து வைத்தார்கள். ஆறாம் நம்பருக்கு வாழைமரம் கட்டியிருந்தது. மீன்காரப் பெண்கள் ஐந்து பேரையும் கூடையோடு வரச் சொல்லியிருந்தார்கள். பெட்டகம் இன்னும் தயாராகவில்லை. ஆகையால் பெட்டகத்தின் படத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து பஸ்ஸின் பின்பக்கம் ஒட்டியிருந்தார்கள். பெண்கள் அதன் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகு லோடு ஆட்டோவில் போகலாம் என்று ஏற்பாடு.

எழிலன் மைக்கைப் பிடித்தார். நல்ல பையன், குரல் நன்றாக இருக்கும். எழுதி வைத்துக்கொள்ளாமல் மனசிலிருந்து பேசினார்.

"நான் பொறுப்புக்கு வந்தப்ப இங்க ஒரு யோசனைகூடப் பதிவாகல. இன்னிக்கு எண்பத்தி மூணு யோசனை நம்மகிட்ட பத்திரமா இருக்குது. அதுல ஒண்ணைக்கூட அவசரப்பட்டுச் செயல்படுத்தி நாங்க வீணாக்கல. ஒரு தொழிலாளி தானாவே ஒண்ணைச் செஞ்சுட்டான்னா அதுல நிர்வாகத்துக்கு என்ன பங்கு இருக்குது? ஒண்ணுமே இல்ல. அது எவ்வளவு ஆபத்துன்னு நினைச்சுப் பாருங்க. நாளைக்கு அவன் நாம இல்லாமலே எல்லாத்தையும் செஞ்சுடுவான். அதனால தானாச் செய்யறதை நிறுத்தறதுதான் படைப்பாற்றலுக்கு முதல் படி. அதுல நாம ஜெயிச்சுட்டோம்."

கணக்குப்பிள்ளை கை தட்டினார். கேமராக்காரர் இன்னொரு முறை தட்டச் சொன்னார். தட்டினார்.

பிறகு இளவரசுவைக் கூப்பிட்டார்கள். அவன் தாளை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றான். 'யோசனை அறையில்' என்று படித்தான். நிமிர்ந்தான். எதிரே ஐந்து கூடை. ஐஸ் உருகி, கூடைக்கு அடியிலிருந்து ஐந்து கோடாக மீன்தண்ணீர் ஓடி, விழாவுக்கு விரித்த சிவப்புக் கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. கருவாட்டுக் கூலிக்குப் போன இரண்டு பெண்களும் அன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார்கள், பாவம். சிதம்பரத்தில் போய் விற்கிற அளவுக்குக் கூடை நிறைய மீன்.

இளவரசு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"சார், இது பொய்யி. அந்த ரூம்ல எனக்கு ஒண்ணும் முளைக்கல. இடுப்புவலிதான் முளைச்சுது. அந்தத் தட்டு நீங்க வர்றதுக்கு முன்னாடியே பண்ணது. இந்தக்கா கூடை ஒழுகுச்சு, முன்சீட்டுக்காரரு கத்துனாரு, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நின்னேன். என்னை யாரும் யோசின்னு சொல்லல. சொல்லாததாலதான் பண்ணேன். நீங்க அதக் கழட்டுனீங்க. நானும் வாய மூடிக்கிட்டு நின்னேன். அது என் தப்பு. வேல போனாலும் போவுது, இவுங்க இன்னிக்கி பஸ்லதான் போவாங்க."

கேமராக்காரர், 'முளைச்சுது' வரைக்கும் நன்றாக வந்திருக்கிறது, மீதியை மட்டும் இன்னொரு முறை எடுக்கலாமா என்று கேட்டார்.

இளவரசு ஸ்டோர் ரூமுக்கு நடந்தான். பின்னாலேயே அமராவதி நடந்தார். ஸ்பேனரால் ஒரு போடு, பூட்டோடு சீல் உதிர்ந்தது. திருநாவுக்கரசு ஓடிவந்து, சீல் உடைப்பதற்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது என்றார். அதற்குள் இளவரசு ஒரு பக்கமும் அமராவதி மறுபக்கமுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். யோசனை எண் 68 என்ற அட்டை அறுந்து விழுந்தது. திருநாவுக்கரசு அதைப் பொறுக்கித் துடைத்து வைத்துக்கொண்டார்.

பின்படியில் எழிலன் குறுக்கே நின்றார்.

"யாரைக் கேட்டு இதை மாட்டுற?"

இளவரசு வாயைத் திறப்பதற்குள் அமராவதி சொன்னார்.

"தள்ளு ராசா. செதிலு ஒட்டுச்சுன்னா உன் கோட்டு நாறும். அப்புறம் அந்த வெருது குடுக்கறவன் உன்னைய மேடையில ஏத்த மாட்டான், நாங்க பஸ்ஸுல ஏற முடியாம நின்ன மாதிரி நீயும் கீழயே நிப்ப."

எழிலன் கோட்டைப் பார்த்தார். பார்த்தபடியே ஒரு அடி நகர்ந்தார். அந்த ஒரு அடி போதும். நாலு போல்ட். ஹோஸ். கேன். ஐந்து கூடைகளும் ஏறின. இளவரசு இரண்டு விசில் கொடுத்தான். இரண்டு நிமிடம் தாமதமாக, ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, வாழைமரத்தோடும் ஃபிளெக்ஸோடும் ஆறாம் நம்பர் கிளம்பியது. ஆலப்பாக்கம் தாண்டும்போது ஃபிளெக்ஸ் பிய்ந்து பறந்து போனதாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

மத்தியானம் திரும்பி வந்ததும் இளவரசுவைச் சஸ்பெண்ட் செய்து கடிதம் கொடுத்தார்கள். மறுநாள் காலை வேறொரு கண்டக்டரை ஆறாம் நம்பரில் ஏற்றினார்கள். அவர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நகரவில்லை. மறுபடி கொடுத்தார். தட்சிணாமூர்த்தி ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருநாவுக்கரசு கீழே நின்று கத்தினார். தட்சிணாமூர்த்தி காதில் கை வைத்துக் காட்டினார்.

"பதினோரு வருஷமா இளவரசு விசிலு கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு சார். வேற ஆளு விசிலு காதுல உழ மாட்டேங்குது. வயசாயிட்டுது இல்ல?"

அது தொற்று வியாதி போலிருக்கிறது. ஆறு இருபதுக்குள் மற்ற எட்டு டிரைவர்களுக்கும் காது அடைத்துவிட்டது. அவரவர் சொந்தக் கண்டக்டர் கொடுத்த விசில்கூடக் கேட்கவில்லை. ஒன்பது பஸ்ஸும் வரிசையாக நிற்க, பயணிகள் இறங்கி ஷெட் வாசலில் கூடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். முன்சீட்டு வேட்டிக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். அவர் இளவரசுவுக்காகவும் அமராவதிக்காகவும் கத்துகிறார் என்பது திருநாவுக்கரசுவுக்குக் கடைசிவரை புரியவில்லை. அவர் தன் கடமையைச் செய்தார். டிரைவர்களுக்குக் காது பரிசோதனை முகாம் நடத்தலாம் என்று ஒரு பு-1 எழுதி, அதற்கு முன் வெற்றிகரமாக நடந்த முகாம்களின் ஆதாரத்தைத் தேடப் போனார்.

ஒரு மணி பத்து நிமிடம் கழித்து எழிலன் சஸ்பெண்ட் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதைத் தோல்வி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்காகக் கடிதம் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்டது என்று சுற்றறிக்கை வந்தது. இளவரசு ஓடிவந்து ஏறி விசில் கொடுத்தான். ஒன்பது பேருக்கும் ஒரே சமயத்தில் காது கேட்டது.

அன்றிலிருந்து யாரும் பு-1 எழுதவில்லை, கண்ணுகளா. எழுதாதே என்று யாரும் சொல்லவும் இல்லை. இரண்டாம் நம்பரில் கைக்குழந்தையோடு வருகிறவர்கள் புடவைத் தொட்டில் கட்ட மேல்கம்பியில் ஒரு கொக்கி வந்தது. ஒன்பதாம் நம்பரில், படியில் தொங்கும் காலேஜ் பிள்ளைகள் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வீசாமல் இருக்க, டிரைவருக்குப் பின்னால் ஒரு வலை வந்தது, அதுவும் பழைய மீன்வலைதான். மூன்றாம் நம்பரைக் கழுவினார்கள். இதெல்லாம் எப்போது நடந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

மாதக் கடைசியில் திருநாவுக்கரசு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்: 'இம்மாதம் பெறப்பட்ட புதிய யோசனைகள்: பூஜ்யம். தொழிலாளர்களிடையே சிந்தனை முற்றிலும் நின்றுவிட்டது. நிர்வாகம் வருந்துகிறது.' ஒட்டிவிட்டுத் திரும்பியபோது ஆறாம் நம்பருக்குள் டிரில் ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். பின்பக்கம் இளவரசு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். தட்டின் ஓரத்தில் ஒன்றரை அடிக்கு இன்னொரு ஃபைபர் துண்டு ஒட்டிக் காய்ந்திருந்தது. அமராவதி கூட்டத்தில் புதிதாக ஆறாவதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள்.

"என்னப்பா பண்ற?"

இளவரசு டிரில்லை நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஒண்ணும் பண்ணல சார்."

திருநாவுக்கரசு நோட்டை எடுத்தார். தேதி போட்டார், நேரம் போட்டார். 'ஒன்றும் பண்ணவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இளவரசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த ஓட்டையைப் போட ஆரம்பித்தான்.